சொல்லால் கற்கும் உடல்

பார்வை மாற்றுத்திறன் கொண்ட விளையாட்டு வீரர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவர்கள் வென்ற பதக்கத்தில் தொடங்கிப் பதக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பதக்கத்துக்கு முந்தைய ஆண்டுகளில் அவர்கள் எந்த இடத்தில், யாருடைய துணையோடு, எந்த முறையில் உடலைத் தயார்செய்தார்கள் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. மைதானத்துக்கோ உடற்பயிற்சிக் கூடத்துக்கோ நாள்தோறும் சென்றுவர ஒரு துணை தேவைப்படுவதாலும், சென்று சேர்ந்த பிறகும் அங்குள்ள இயந்திரங்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதாலும், அடிப்படை வலிமையையும் தாங்குதிறனையும் வளர்க்கும் பயிற்சியில் பெரும்பகுதி வீட்டிலேயே நடக்கவேண்டியதாகிறது. அத்தகைய வீட்டுப் பயிற்சியை மைதானம் கிடைக்காதவர்களின் இரண்டாந்தர ஏற்பாடாகக் கருதுவது வழக்கமாக இருப்பினும், ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது என்று உடலுக்கு மனப்பாடமான ஓர் இடம் பார்வையற்றவருக்கு எவ்வளவு பெரிய வசதி என்பதை எண்ணிப்பார்த்தால் அந்தக் கருத்து நிலைக்காது. வீட்டில் உண்மையாகவே குறைவது கருவிகள் அல்ல. கண்ணால் பார்த்துக் கற்பவர்களுக்காகவே அமைந்துவிட்ட பயிற்சி முறைக்கு மாற்றாக, காதாலும் தோலாலும் கற்பதற்கேற்ற தெளிவான அறிவுறுத்தலே குறைகிறது.

பார்வை மாற்றுத்திறன் என்பது ஒரே நிலையைக் குறிப்பதன்று. 1981-இல் பாரிசில் தோற்றுவிக்கப்பட்ட பன்னாட்டுப் பார்வையற்றோர் விளையாட்டுக் கூட்டமைப்பு, வீரர்களை பி1, பி2, பி3 என மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பினர் பார்வை முற்றிலும் இல்லாதவர்கள் அல்லது வெளிச்சத்தை மட்டும் ஓரளவு உணர்பவர்கள். பி2 வகுப்பில் பார்வைப் புலம், அதாவது தலையைத் திருப்பாமல் கண்ணுக்கு எட்டும் பரப்பு, 10 பாகைக்கும் குறைவாகச் சுருங்கியவர்களும், பி3 வகுப்பில் அது 40 பாகைக்கும் குறைவாக உள்ளவர்களும் இடம்பெறுகிறார்கள். பார்வைக் கூர்மை குறைந்தவர்களுக்கும் இதற்கிணையான அளவுகோல்கள் உண்டு. தடகளத்தில் இவை டி11, டி12, டி13 என்றும், நீச்சலில் எஸ்11, எஸ்12, எஸ்13 என்றும் வழங்குகின்றன. சுரங்கப் பாதை போன்ற குறுகிய பார்வை எஞ்சியிருப்பவருக்குத் தரையில் ஒட்டப்பட்ட பளிச்சென்ற மஞ்சள் பட்டை பயன்படும். முழுமையாகப் பார்வையற்றவருக்கு அது வெறும் பட்டை. இருவருக்கும் ஒரே பயிற்சித் தாளை நீட்டுவது எந்தப் பயனையும் தராது.

வீட்டுப் பயிற்சியின் தேவையை விளையாட்டு உலகம் முழுமையாக உணர்ந்தது 2020-இல்தான். கொரோனா பெருந்தொற்றால் அவ்வாண்டு மார்ச் 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகள் ஒத்திவைக்கப்பட்டன. மறுநாளே இந்தியாவில் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. எல்லா வீரர்களும் மைதானத்தை இழந்தார்கள் என்றாலும், பார்வையற்ற வீரர்கள் கூடுதலாக ஒன்றை இழந்தார்கள். கையில் கயிறு பிணைத்து உடன் ஓடும் வழிகாட்டி ஓட்டக்காரரும், நீச்சல் குளத்தின் விளிம்பில் நின்று, சுவரை நெருங்கும் வீரரை நுனியில் மென்பஞ்சு கட்டிய கோலால் தட்டி எச்சரிக்கும் உதவியாளரும், ஒருவரையொருவர் பற்றிக்கொண்டே தொடங்கவேண்டிய ஜூடோவின் இணை ஆட்டக்காரரும், 'சமூக இடைவெளி' என்ற ஒரே விதியால் எட்டாத் தொலைவுக்குப் போய்விட்டார்கள். பார்வையுள்ள வீரர்களால் காணொளிகளைப் பார்த்துப் பயிற்சியைத் தொடர முடிந்தது. அந்தக் காணொளிகளுக்குள் நுழையும் வாசல் பார்வையற்றவர்களுக்குத் திறக்கவில்லை.

இந்தத் தடை எங்கிருந்து எழுகிறது என்பது கவனிக்கத்தக்கது. உடற்பயிற்சிக் காணொளிகளில் பயிற்றுநர் பேசிக்கொண்டேதான் இருக்கிறார். ஆனால் அவர் பேச்சில் 'இப்படிச் செய்யுங்கள்', 'இந்த அளவுக்கு இறங்குங்கள்', 'என்னைப் போலவே' என்ற சொற்களே நிறைந்திருக்கின்றன. சுட்டிக் காட்டும் விரல் திரையில் இருப்பதால் பார்வையுள்ளவருக்கு இச்சொற்கள் பொருள் தருகின்றன. ஒலியை மட்டும் பெறுபவருக்கு, யாரோ ஒருவர் உற்சாகமாக எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை. பஸ்கி எனப்படும், முழங்கால் மடக்கி எழும் பயிற்சியைச் சொல்லால் மட்டும் கற்பிக்க வேண்டுமென்றால், பாதங்களுக்கு இடையே தோள் அகல இடைவெளி வேண்டும் என்பதையும், கால் விரல்கள் கடிகார முகப்பின் 11, 1 ஆகிய எண்களை நோக்கியிருக்க வேண்டும் என்பதையும், இடுப்பு முதலில் பின்னோக்கிச் சென்ற பிறகே முழங்கால் மடங்க வேண்டும் என்பதையும், பின்னால் போட்ட நாற்காலியின் விளிம்பு தொடையில் பட்டதும் இறக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதையும், உடற்பளு முன்பாதத்தில் அன்றிக் குதிகாலில் உணரப்பட வேண்டும் என்பதையும் முறைப்படுத்திச் சொல்ல வேண்டும். இவ்வாறு சொல்லப் பழகிய பயிற்றுநர், பார்வையுள்ள மாணவர்களுக்கும் முன்பைவிடச் சிறப்பாகக் கற்பிப்பார் என்பதில் ஐயமில்லை.

சொல்லும் எல்லாருக்கும் ஒரே விதமாகப் போய்ச் சேர்வதில்லை. பிறவியிலேயே பார்வையற்றவருக்கும் பிற்காலத்தில் பார்வையை இழந்தவருக்கும் உடலியக்கம் பற்றிய மன உருவம் வேறுபடுகிறது. அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக இருந்த பிராட் ஸ்னைடர், 2011-இல் ஆப்கானிஸ்தானில் வெடிகுண்டு வெடித்துப் பார்வையை இழந்து, சரியாக ஓராண்டு கழித்து 2012 செப்டம்பர் 7 அன்று இலண்டன் பாராலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். அவர் கடற்படைக் கல்லூரி நீச்சல் அணியின் தலைவராக இருந்தவர். கை வீச்சும் மூச்சு வாங்கும் முறையும் அவர் உடலில் ஏற்கெனவே பதிந்திருந்தன. புதிதாகக் கற்கவேண்டியிருந்தது திசையறிதலும் சுவரைக் கணிப்பதும்தான். பிறவியிலிருந்தே பார்வையற்ற ஒரு சிறுமிக்கு ஓடும்போது கை எவ்வாறு வீசப்படுகிறது என்பதே எவரேனும் கற்றுத்தர வேண்டிய செய்தி; 'மற்றவர்கள் ஓடுவது போல' என்ற விளக்கம் அவரிடம் செல்லாது.

அங்கேதான் தொடுகை துணைக்கு வருகிறது. பயிற்றுநர் ஒரு நிலையில் நிற்க, கற்பவர் தம் கைகளால் அவருடைய தோள், முதுகு, முழங்கால் ஆகியவற்றைத் தொட்டு அந்த நிலையை அறிவது ஒரு முறை. கற்பவரின் உறுப்பைப் பயிற்றுநர் பிடித்து உரிய நிலைக்கு நகர்த்துவது மற்றொரு முறை. இரண்டில் முன்னதே மேலானது எனலாம். ஏனெனில் அதில் கற்பவர் எதை, எப்போது, எவ்வளவு நேரம் தொட்டறிய வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்கிறார். எந்த முறையாயினும் தொடுவதற்கு முன் சொல்லி, இசைவு பெற்ற பிறகே தொடுவது கட்டாயம். பயிற்றுநர்களில் ஆண்களே மிகுதியாக உள்ள சூழலில் பெண் வீரர்களுக்கு இது வெறும் நாகரிகம் பற்றிய செய்தியாக இல்லாமல் பாதுகாப்பு பற்றியதாகவும் ஆகிறது. தாயோ தமக்கையோ முதலில் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டில் தொட்டுக் காட்டுவது நடைமுறையில் பயன் தரும் வழி. ஆனால் அதே குடும்பம், விழுந்துவிடுவார் என்ற அச்சத்தால் சிறு வயதிலிருந்தே ஓடவும் குதிக்கவும் விடாமல் பொத்திப் பொத்தி வளர்த்திருந்தால், பயிற்சி தொடங்கும் நாளில் தசை வலிமையும் சமநிலையும் வயதுக்குரிய அளவைவிடக் குறைந்தே காணப்படும். பார்வையின்மை நேரடியாக உடலைப் பலவீனப்படுத்துவதில்லை. இயக்கம் மறுக்கப்படுவதே பலவீனப்படுத்துகிறது.

மனித உடல் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று வகைச் செய்திகளைச் சார்ந்திருக்கிறது: கண் தருவது, உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு தருவது, தசைகளும் மூட்டுகளும் பாதத்தின் தோலும் தருவது. கண்ணை மூடிக்கொண்டு ஓரிடத்தில் நின்றபடியே நடைபோடச் சொன்னால், நலமாக உள்ளவர்களும் சிறிது சிறிதாக முன்னே நகர்ந்து ஒரு பக்கம் திரும்பிவிடுவார்கள். உட்செவிக் கோளாற்றைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபுக்குடா சோதனை இந்த இயல்பை அடிப்படையாகக் கொண்டதே. ஆகவே பார்வையற்ற வீரர் அறைக்குள் நின்ற இடத்தில் ஓட்டம், துள்ளல் போன்றவற்றைச் செய்யும்போது, ஐம்பதாவது எண்ணிக்கையில் அவர் முகம் சன்னலை நோக்கியிராமல் அலமாரியின் முனையை நோக்கியிருக்கக்கூடும்.

இதற்குரிய தீர்வு ஒரு பாராலிம்பிக் விளையாட்டிலேயே இருக்கிறது. கோல்பால் என்னும் அந்த விளையாட்டு, இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த படைவீரர்களின் மறுவாழ்வுக்காக 1946-இல் ஆஸ்திரியரான ஹான்ஸ் லோரன்சன், ஜெர்மானியரான செப் ரெய்ண்டில் ஆகிய இருவரால் உருவாக்கப்பட்டு, 1976-இல் டொராண்டோவில் பாராலிம்பிக் பதக்கப் போட்டியானது. 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளத்தில், அணிக்கு மூவராக, எல்லாரும் கண்மறைப்பு அணிந்து, உள்ளே மணிகள் ஒலிக்கும் 1.25 கிலோ பந்தை எதிரணியின் இலக்கை நோக்கி உருட்டி வீசுகிறார்கள். களத்தின் கோடுகள் யாவும் மெல்லிய கயிற்றின் மேல் ஒட்டுநாடா ஒட்டி அமைக்கப்படுகின்றன. வீரர் விரலாலோ பாதத்தாலோ கோட்டைத் தொட்டுத் தாம் நிற்கும் இடத்தையும் நோக்கும் திசையையும் அறிகிறார். ஒரு சாண் கயிறும் சிறிது ஒட்டுநாடாவும் இருந்தால் இதே ஏற்பாட்டை வீட்டுத் தரையில் செய்துகொள்ளலாம். நழுவாத ரப்பர் பாய் ஒன்றை விரித்து, அதன் நடுவே முன்னோக்கிய திசையில் கயிற்றுக்கோடு ஒன்றை ஒட்டி, வெறுங்காலோடு நின்றால், பாதமே திசைகாட்டியாகிவிடுகிறது. அறையின் ஒரு மூலையில் வானொலியை ஒலிக்கவிட்டால் காதும் அதை உறுதி செய்கிறது. பயிற்சி நேரம் முழுவதும் அந்த வானொலியை யாரும் இடம் மாற்றக் கூடாது என்பதை வீட்டாருக்குச் சொல்லிவைப்பதுதான் இதில் கடினமான பகுதி.

அறையைப் பொறுத்தவரை ஆபத்தானவை பெரிய பொருள்களல்ல. கட்டிலும் மேசையும் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதால் உடல் அவற்றை அறிந்திருக்கிறது. பாதி திறந்து கிடக்கும் கதவும், மூடாமல் விட்ட அலமாரிக் கதவும், யாரோ நகர்த்திவைத்த முக்காலியும்தான் காயங்களை ஏற்படுத்துகின்றன. முன்னே நீட்டிய இரு கைகளுக்கு நடுவில் கதவின் விளிம்பு புகுந்து நெற்றியைத் தாக்கும் என்பது பார்வையற்றோர் அனைவரும் அறிந்த அனுபவ உண்மை. தாழ்வான கூரையுள்ள வீடுகளில் கை உயர்த்தும் பயிற்சிகளுக்கு முன் மின்விசிறியின் உயரத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். கர்லாக்கட்டை சுழற்ற விரும்புவோருக்கு மாடியோ முற்றமோதான் ஏற்றது. அவ்வாறு இடம் அமைந்துவிட்டால், தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் சேர்ந்த பழைய தமிழகத் தேகப்பயிற்சி முறை இவர்களுக்கு மிகப் பொருந்துகிறது: நின்ற இடத்திலேயே செய்யத்தக்கது, எண்ணிக்கையால் அளக்கப்படுவது, கண்ணாடியும் திரையும் கேட்காதது.

கண்ணாடி என்பது பயிற்சிக் கூடத்தில் அழகுப் பொருளாக வைக்கப்படுவதில்லை; தம் உடல் நிலையைத் தாமே திருத்திக்கொள்ளும் கருவியாகவே பயன்படுகிறது. அதற்கு ஈடாகத் தொடு எல்லைகளை அமைக்கலாம். முதுகின் மேல் நீளவாக்கில் ஒரு கோலை வைத்துப் பிடித்துக்கொண்டு முன்குனிந்தால், பிடரி, மேல்முதுகு, இடுப்பின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் கோல் பட்டுக்கொண்டிருக்கும் வரை முதுகெலும்பு நேராக இருக்கிறது என்று பொருள். ஓரிடத்தில் தொடுகை விலகினால் பிழை எங்கே என்பதும் அக்கணமே தெரிந்துவிடுகிறது. சுவரில் குதிகாலையும் பிட்டத்தையும் தோளையும் சாய்த்து நிற்பது தலையை முன்தள்ளி நிற்கும் பழக்கத்தைத் திருத்துகிறது. கருவிகள் குறித்து நீண்ட விளக்கம் தேவையில்லை: இழுவைப் பட்டைகளின் வலிமை வேறுபாட்டை முடிச்சுகளாலும், எடைக் கட்டைகளின் வேறுபாட்டைப் பிரெய்ல் ஒட்டிகளாலும் குறித்துக்கொள்ளலாம், 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஏறத்தாழ 20 கிலோ எடையாகப் பயன்படும். விலை உயர்ந்த ஓட்ட இயந்திரங்கள்தான் சிக்கல் தருகின்றன. அழுத்தும் பொத்தான்கள் இருந்த காலத்தில் விரலால் இயக்க முடிந்தவை, வழுவழுப்பான தொடுதிரைக்கு மாறிய பிறகு பார்வையற்றவருக்குப் பூட்டப்பட்டுவிட்டன.

பயிற்சியின் கடுமையை அளக்கவும் திரை தேவையில்லை. சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த உணர்வு அளவுகோலில், வீரர் தம் உழைப்பை 6 முதல் 20 வரையுள்ள ஓர் எண்ணால் கூறுகிறார். இளையோரிடம் அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் இதயத் துடிப்பின் தோராய அளவு கிடைக்கும்படி அது அமைக்கப்பட்டுள்ளது. உடலின் உள்ளிருந்து வரும் செய்திகளுக்குச் செவிசாய்த்துப் பழகிய பார்வையற்ற வீரர், தொலைபேசியில் பயிற்றுநரிடம் 'இன்று பதினைந்து' என்று சொன்னால் அதுவே ஒரு முழு அறிக்கை.

தொழில்நுட்பத்தின் உதவியும் சிறிது சிறிதாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட 'கண் வேண்டா யோகா' என்ற முன்னோடி அமைப்பு, கினெக்ட் என்னும் ஆழமறி ஒளிப்படக் கருவியால் பயிற்சி செய்பவரின் மூட்டுக் கோணங்களை அளந்து, கையை இன்னும் உயர்த்துமாறோ முழங்காலை மேலும் மடக்குமாறோ குரலால் திருத்தியது. சொல்லித் தருவதோடு நில்லாமல், செய்ததைக் கவனித்துத் திருத்தவும் செய்தது என்பதே அதன் சிறப்பு. ஆனால் அந்தக் கருவியின் உற்பத்தியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017-இல் நிறுத்திவிட்டது. காணொளி விளையாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பொருளைச் சார்ந்து நிற்கும் உதவிக் கருவிகளுக்கு நேரும் கதி இது. அமெரிக்க கோல்பால் அணிக்காகப் பாராலிம்பிக்கில் ஆடிய டைலர் மெரன், முழுக்கக் குரல் விளக்கத்தால் இயங்கும் 'ரீவிஷன் ஃபிட்னஸ்' என்ற கைபேசிச் செயலியை உருவாக்கினார். தாமே பார்வைக் குறைபாடு உடையவர் என்பதால், எந்தச் சொல் உடலுக்குப் போய்ச் சேரும், எது காற்றோடு போகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதுவரை கூறிய எதையும்விட முதன்மையானது கண்ணின் நோய் பற்றிய அறிவு. பார்வை ஏன் போயிற்று என்று கேட்காமல் வகுக்கப்படும் பயிற்சித் திட்டம், எஞ்சியிருக்கும் சிறிதளவு பார்வையையும் பறித்துவிடக்கூடும். கண் நீர் அழுத்த நோய் எனப்படும் குளுக்கோமாவில், கண்ணுக்குள் இருக்கும் நீர்மத்தின் அழுத்தம் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. இயல்பாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கவேண்டிய இந்த அழுத்தம், தலை கீழாகும் நிலைகளில் உயர்கிறது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது யோகப் பயிற்சியாளர்களின் கண் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவது கண்டறியப்பட்டது. நியூயார்க்கில் நடந்து 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு, தலையை முற்றிலும் கீழே ஊன்றாத அதோமுக சுவானாசனம், உத்தானாசனம், ஹலாசனம், விபரீதகரணி ஆகியவற்றிலும் அழுத்தம் உயர்வதைக் காட்டியது. 'யோகா யாருக்கும் தீங்கு செய்யாது' என்ற பொது நம்பிக்கை வலுவாக உள்ள நாட்டில், குளுக்கோமா உள்ள ஒருவருக்கு நல்லெண்ணத்தோடு சிரசாசனம் கற்பிக்கப்படுவது நடக்கக்கூடியதே. மூச்சை அடக்கிக்கொண்டு பளு தூக்குவதும் கண் அழுத்தத்தை உயர்த்துகிறது. தூக்கும்போது மூச்சை வெளிவிடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஊட்ட வேண்டும். நீரிழிவால் விழித்திரையில் புதிய, எளிதில் உடையும் இரத்தக் குழாய்கள் வளர்ந்த நிலையில் கடும் பளுவும் அதிர்ச்சி தரும் குதிப்புகளும் இரத்தக் கசிவுக்கு வழிவகுக்கலாம். மிகு கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு விழித்திரை விலகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். எனவே கண் மருத்துவரின் எழுத்துபூர்வமான அறிவுரை கையில் இல்லாமல் பயிற்றுநர் திட்டம் வகுக்கக் கூடாது. ஆயினும் இந்த எச்சரிக்கைகள் பயிற்சியையே கைவிடுவதற்கான சாக்காகிவிடுவதும் நல்லதன்று. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தை மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்தே பரிந்துரைக்கின்றன.

அதிகம் பேசப்படாத இன்னொன்று உறக்கம். உடலின் உட்கடிகாரம் இயல்பிலேயே 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்டது. கண் வழியாக நாள்தோறும் நுழையும் வெளிச்சமே அதைத் திருத்தி நிறுத்துகிறது. வெளிச்சத்தைச் சிறிதும் உணராதவர்களில் பலருக்கு இந்தத் திருத்தம் நடக்காமல் உறக்க நேரம் ஒவ்வொரு நாளும் சிறிது தள்ளிப்போய், சில வாரங்களுக்கு ஒருமுறை பகலில் உறக்கமும் இரவில் விழிப்புமாக மாறுகிறது. காலை ஐந்து மணிப் பயிற்சிக்கு எழ முடியாத வீரரைச் சோம்பேறி என்று திட்டும் பயிற்றுநர், அவருடைய உடலுக்கு அது நள்ளிரவாக இருக்கலாம் என்பதை அறிந்திருப்பதில்லை. வீட்டுப் பயிற்சியின் நேரத்தை நெகிழ்வாக வைத்துக்கொள்ள முடிவது இவர்களுக்குக் கிடைக்கும் ஒரு நன்மை.

பொதுவான உடல்தகுதியைத் தாண்டி, ஒவ்வொரு விளையாட்டின் தனித்திறனையும் வீட்டில் எவ்வளவு வளர்க்க முடியும் என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறுபடுகிறது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 60 கிலோ எடைப்பிரிவில், பி1-க்கு இணையான ஜே1 வகுப்பில் வெண்கலம் வென்று, பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கத்தைப் பெற்றுத்தந்த கபில் பர்மார் ஆடும் ஆட்டத்தில், எதிராளியின் உடையைப் பற்றிய பிறகே போட்டி தொடங்குகிறது. பிடியின் வலிமையே அடிப்படை என்பதால், தூணில் கட்டிய ரப்பர் பட்டையை இழுத்து உடலைத் திருப்பி நுழையும் பயிற்சியை ஜூடோ வீரர்கள் வீட்டிலேயே ஆயிரக்கணக்கில் செய்ய முடிகிறது. கோல்பால் வீரருக்குப் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்து எழும் ஆற்றல் தடித்த மெத்தை ஒன்றால் கிட்டும். நீச்சல் வீரரோ தோள் வலிமையையும் மூச்சையும் வீட்டில் வளர்த்துக்கொள்ளலாமே ஒழிய, எத்தனை கை வீச்சில் சுவர் வரும் என்ற கணக்கைத் தண்ணீரில்தான் கற்க முடியும்.

வீட்டுப் பயிற்சிக்கு எளிதில் அகப்படாதது ஓட்டம். அதே பாரிஸ் போட்டியில் மகளிர் 200 மீட்டர் டி12 பிரிவில் சிம்ரன் சர்மா வெண்கலம் வென்றபோது உடன் ஓடியவர் வழிகாட்டி அபய் சிங். இருவரின் கைகளும் ஒரே வேகத்தில் வீசப்பட வேண்டும், வழிகாட்டி வீரரை இழுக்கவோ தள்ளவோ கூடாது, எல்லைக்கோட்டை வீரரே முதலில் கடக்க வேண்டும். இந்த ஒத்திசைவின் தொடக்கப் பகுதியை, இருவரும் தத்தம் வீடுகளில் ஒரே தாளக் கருவியின் ஒலிக்குக் கை வீசிப் பழகுவதன் மூலம் ஓரளவு கட்டிவைக்கலாம். வளைவில் உடல் சாயும் அளவும், கயிற்றின் இறுக்கத்திலிருந்து வேகத்தை உணரும் நுட்பமும் தடத்தில் ஒன்றாக ஓடினால்தான் வரும். ஆகவே வீரருக்கு வகுக்கும் வீட்டுப் பயிற்சித் திட்டத்தை வழிகாட்டிக்கும் சேர்த்தே வகுக்க வேண்டும். வீரரைவிட ஒரு படி கூடுதலான வேகத்தை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கவேண்டியவர் அவர் என்பதால், வீரர் வீட்டில் உழைத்து வேகம் கூட்டிய காலத்தில் வழிகாட்டி உடல் தளர்ந்துவிட்டால், மைதானம் திறக்கும் நாளில் வீரர் புதிய துணையைத் தேடவேண்டியிருக்கும். அந்தத் துணையோடு கைவீச்சு ஒன்றுபட மீண்டும் பல மாதங்கள் பிடிக்கும்.